கடுகு அடங்கிவிட்டாள்

ஜூலை 3

வானிலை மேடத்துக்கு,

நான் நலம். நீயும் உன் காற்றும் மழையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பெண் என்னைப் பாடாய்ப் படுத்துகிறாள். பரிசு வாங்கினால் அவள் என் பெண், இப்போதைக்கு உன் பெண். நேற்று பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கணக்கு வாத்தியார் திருத்திய தாளைக் கையில் கொடுத்ததும், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க அதை நாலாகக் கிழித்து அவர் மேசைமேலேயே வைத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் மாட்டேன். வெளியே போகச் சொன்னால் அதற்கும் மாட்டேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நீங்க நாய்ங்களுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லித்தர்றீங்களாமே?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். குளிக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன், படுக்க மாட்டேன், எழுந்திருக்க மாட்டேன். போன வாரம் நாய்களுக்கு முடி வெட்டும் மிஷினை எடுத்து தன் தலையில் பாதியை வழித்துக்கொண்டாள். ஏன்டி இப்படிப் பண்ணின என்றால், "என் தலை" என்கிறாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று ஆசையாய்ப் பெயர் வைத்தோம் இல்லையா, அனுபவிக்கிறேன்.

நீ வானிலை வேலைக்காகத் தீவுக்குப் போனதால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ஓர் ஆள் குறைந்தால் குறைந்ததுதானே? அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். முரட்டு நாய் ஒன்று பயிற்சிக்கு வந்தால் என்ன செய்வேன் என்று நீ பார்த்திருக்கிறாய். அது குரைக்கும்போது முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். கண்ணைப் பார்க்க மாட்டேன், பேச மாட்டேன், திட்டக்கூட மாட்டேன். திட்டுவதும் கவனிப்புதான். குரைத்து அலுத்து வாயை மூடும் அந்த நொடியில் திரும்பி ஒரு பிஸ்கட் கொடுப்பேன். எத்தனை நாய் இப்படித் திருந்திப் போயிருக்கிறது! கடுகுக்கும் இனி அதுதான். கத்தினால் முதுகு, அடங்கினால் பிஸ்கட்.

ஒரே ஒரு சிக்கல். அவளுக்கு பிஸ்கட்டில் ஆசையில்லை. இந்த உலகத்தில் அவள் ஆசைப்படுவது உன் கடிதத்துக்குத்தான். என்ன அட்டகாசம் செய்திருந்தாலும் படகு வருகிற அன்று உன் கடிதம் அவள் கைக்கு நேராகப் போய்விடுகிறது. பிறகு எப்படித் திருந்துவாள்? இனி அவளுக்கு எழுதுவதையும் என் உறைக்குள்ளேயே வைத்து அனுப்பு. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். நல்லபடி நடந்தால் எடுத்துக் கொடுக்கிறேன்.

மனசைக் கல்லாக்கிக்கொள். ஒருவர் கட்ட ஒருவர் அவிழ்த்தால் ஒன்றும் நடக்காது.

இப்படிக்கு,
நாய் வாத்தியார்


ஜூலை 6

நாய் வாத்தியாருக்கு,

தெருப் பிள்ளைகள் வைத்த பெயரில் நீங்களே கையெழுத்துப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டீர்களா? சிரித்தேன். பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன், சிரிப்பு வரவில்லை.

தாளைக் கிழித்ததைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டது. இங்கே யாருக்கும் கடுகைத் தெரியாது, ஆனாலும் யாரோ என்னைப் பார்த்துக் கேட்கப் போகிறார்கள் என்பது போல எழுந்து வெளியே போய்விட்டேன். மழைமானியில் தண்ணீர் அளக்கும் நேரம் வேறு. எங்கள் மேலதிகாரி, அந்தத் தடித்த கண்ணாடிக்காரர், "என்னம்மா, வீட்டுல ஏதாவதா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடமும் அதைத்தான் சொல்ல நினைத்தேன், ஆனால் சொல்ல முடியவில்லை.

"ஓர் ஆள் குறைந்தால் குறைந்ததுதானே." இந்த ஒரு வரிக்காக மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். இந்த வேலைக்கு மனுப் போடும்போது என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "போடு, போடு, ஒரு வருஷந்தானே" என்றது யார்? துறைமுகத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை காதுபட, "போறவ போகட்டும்" என்றதும் அதே வாய்தான். இங்கே டெலிஃபோன் இல்லாமல் போனது ஒருவகையில் நல்லதுதான். இருந்திருந்தால் படகுக்குப் படகு அல்ல, நாளுக்கு நாள் சண்டை போட்டிருப்போம்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்தில் இருந்து பார்ப்பவர் நீங்கள். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொல்ல? உங்கள் வழியிலேயே செய்யுங்கள். இந்த உறைக்குள் அவளுக்கு எழுதியது இருக்கிறது. டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டேன், கை கொஞ்சம் தயங்குகிறது. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அவள் மாட்டேன் என்று சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது? கோபமாக இருக்கிறதா, இல்லை வேறு ஏதாவதா? நான் கிளம்புகிற சமயத்தில் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டாளே, அப்போது நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் கோபமே இல்லை. என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு பெட்டி கட்டுகிற அவசரத்தில் மறந்துவிட்டேன்.

நன்றாகத் தூங்குகிறாளா? பதில் போடுங்கள்.

உங்கள் மேடம்


ஆகஸ்ட் 1

வானிலை மேடத்துக்கு,

இனிப்பு எடுத்துக்கொள். கடுகு அடங்கிவிட்டாள்.

நான் சொன்னபோது நீ அரை மனசாகத்தான் தலையாட்டினாய், எனக்குத் தெரியாதா? முதல் வாரம் வீடு இரண்டுபட்டது, ஒத்துக்கொள்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். "அப்பா, திரும்பு! அப்பா, என்னப் பாரு!" நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சட்டையைப் பிடித்து இழுப்பாள், காலில் உதைப்பாள். அசையவே மாட்டேன். அடுத்த வாரம் கத்தல் பாதியானது. அதற்கடுத்து ஒருநாள் பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அதோடு சரி. அன்றிலிருந்து ஒரு மாட்டேன் கிடையாது!

எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறாள். பல் தேய்க்கச் சொன்னால் தேய்க்கிறாள், போதும் என்று நான் சொல்லாவிட்டால் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள் என்றால் பார்த்துக்கொள். வைத்ததைச் சாப்பிடுகிறாள், பாதிக்கு மேல் இறங்குவதில்லை, ஆனாலும் முகம் சுளிப்பதில்லை. கணக்கு வாத்தியார் என்னை வழியில் நிறுத்தி, "என்ன மந்திரம் போட்டீங்க?" என்றார். தலைமையாசிரியை முன்னால் இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.

தூக்கம் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல தூக்கம். பள்ளி விட்டு வந்ததும் படுத்தால் சாயங்காலம் நான் போய் எழுப்ப வேண்டியிருக்கிறது. முன்பு போலக் கூண்டுப் பக்கம் போய் நாய்களோடு புரண்டு சட்டையை அழுக்காக்குவதும் இல்லை.

தாராள மனசு வேறு வந்துவிட்டது. கலர் பென்சில், சக்கரம் வைத்த ஷூ எல்லாவற்றையும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா பதறிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "எனக்கு இனிமே வேணாம் ஆன்ட்டி" என்றாள், எவ்வளவு மரியாதையாக!

நேற்று ஒரு வேடிக்கை. நாய்களுக்குத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "நான் இல்லன்னா உங்களுக்கு வேலை கம்மி இல்லப்பா?" என்றாள். "பின்ன? பாதி வேலையே நீதானே!" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டப்பாவிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முன்பானால் பறித்துக்கொண்டு ஓடியிருப்பாள். இப்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாள். பொறுமையும் வந்துவிட்டது.

அடுத்த கடிதம் எழுதி அனுப்பு. டப்பா காலி.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற நாய் வாத்தியார்


ஆகஸ்ட் 3

என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா?

படகு கரையில் நிற்கிறது. சரக்கு இறக்கி முடித்ததும் கிளம்பிவிடும், அதற்குள் எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மறுபடி படி.

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் ரேடியோ செய்தி வந்திருக்கும். இங்கே ரேடியோவில் வானிலையைத் தவிர வேறு எதுவும் அனுப்பக் கூடாது. கண்ணாடிக்காரரிடம் உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும் அவர் ரேடியோ முன்னாலிருந்த தன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். காற்றின் வேகத்துக்கும் மேகத்தின் உயரத்துக்கும் நடுவே என் செய்தியை நானே அனுப்பினேன். துறைமுக அலுவலகத்திலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்.

அவளைத் தனியாக விடாதே. ஒரு நிமிஷம்கூட. குழந்தைகளின் மனசைப் பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப் போ. நாளைக்கு என்று தள்ளாதே.

பத்து வயசுப் பிள்ளை தன் சாமான்களைத் தானம் கொடுக்கிறாள், எனக்கு இனிமே வேணாம் என்கிறாள், நான் இல்லாவிட்டால் உனக்கு வேலை குறையுமா என்று கேட்கிறாள். நீ ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அதை வேடிக்கை என்று எனக்கு எழுதுகிறாய்!

புயலுக்கு முன்னால் அமைதி என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அதையெல்லாம் நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. எனக்கு உன் தொழிலிலேயே பதில் இருக்கிறது. செவலை நாய் ஒன்று வந்ததே, ஞாபகமிருக்கிறதா? பார்க்கிறவர்களையெல்லாம் குதறப் பாயும். ஒருநாள் குரைப்பதை நிறுத்திவிட்டது. சொன்னதெல்லாம் கேட்டது. அதன் எசமானர், பரவாயில்லையே, திருந்திவிட்டதே என்று பல்லைக் காட்டினார். நீ என்ன சொன்னாய்? "குரைக்கிற நாய் திடீர்னு குரைக்காம விட்டா அது திருந்தல சார், அதுக்கு உடம்பு சரியில்ல." அந்த நாயைக் கையில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாய். செருப்புக்கூடப் போடவில்லை. நாய்க்குப் புரிந்தது பெற்ற பெண்ணுக்குப் புரியாமல் எப்படிப் போனது?

அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. முதுகைக் காட்டி நின்றவனுக்கு முகம் எங்கே தெரியும்?

நீ நீ என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். அடித்துத் திருத்த நேரமில்லை, திருத்தவும் மாட்டேன். அந்த டப்பாவில் போட என் கடிதத்தைக் கொடுத்தவள் நான். என் மேலும் எனக்கு இதே கோபம்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வாழ்க்கையில் இப்படிப் பயந்ததில்லை. படகுக்காரர் கூப்பிடுகிறார்.


ஆகஸ்ட் 3, சாயங்காலம்

மேடத்துக்கு,

உன் ரேடியோ செய்தி வந்தது. துறைமுக அலுவலக ஆள் தெருவில் நின்று அதை உரக்கப் படித்துக் காட்டினான். "கடுகைத் தனியே விடாதீர்கள். உடனே டாக்டர். கடிதம் பின்னால்." தையல்காரம்மா வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன நினைத்துக்கொண்டு இதை அனுப்பினாய்? பிள்ளையை நான் ஏதோ அடித்துப் போட்டது மாதிரி ஊரே பார்க்கிறது. ஒரு மாதமாக ஒற்றை ஆளாய் நின்று வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு

இரு. அவள் பள்ளி விட்டு வரும் நேரம் தாண்டிவிட்டது. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

*

அவள் என்னோடு இருக்கிறாள். முதலில் இதைப் படித்துக்கொள். இப்போது என் மடியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறாள், ஒரு கையால்தான் எழுதுகிறேன்.

அறையில் இல்லை. பள்ளிப் பை மட்டும் வாசலில் இருந்தது. மாடியில் இல்லை, எதிர்வீட்டில் இல்லை. கிணறு இருக்கிற பக்கத்து மனைக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோதுதான் நாய்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன்.

கடைசியில் இருக்கிற காலிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சீருடைகூட மாற்றவில்லை. நானும் தவழ்ந்து உள்ளே போனேன். "இங்க ஏன்டா வந்த?" என்றேன். "இங்க இருந்தா யாருக்கும் தொந்தரவில்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா கடிதத்தைப் படித்தாயா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, ஏதாவது பேச வேண்டியிருந்தது. இல்லை என்றாள். ஏன் என்றேன்.

"அது நல்ல பிள்ளைக்குத்தானே? நான் வெளிய மட்டுந்தான்பா அடங்கினேன். உள்ள அப்படியே கெட்டவளாத்தான் இருக்கேன். ஏமாத்தி வாங்கின லெட்டர எப்படிப் பிரிக்கிறது?"

தலையணைக்குக் கீழே பார்த்தேன். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது. நாளை காலை முதல் வேலையாக டாக்டர்.


ஆகஸ்ட் 12

மேடத்துக்கு,

மேலே இருக்கும் கடிதத்தைக் கிழித்துப்போட நினைத்தேன். முதல் பாதியைப் படித்தால் எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனாலும் அப்படியே இதோடு சேர்த்து அனுப்புகிறேன். டாக்டரைப் பார்த்த செய்தியை மட்டும் ரேடியோவில் அன்றே சொல்லச் சொல்லியிருந்தேன், கிடைத்திருக்கும்.

உன் கடிதமும் வந்தது. செவலை நாயைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கூண்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடுகு பார்க்கக் கூடாதென்று. நீ என்றே எழுது. எனக்கு அது போதும்.

டாக்டர் ஒரு பெண், நம் வயசுதான் இருக்கும். கடுகோடு தனியாகவும் பேசினார், என்னை வைத்துக்கொண்டும் பேசினார். முரட்டுத்தனத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "பெரியவங்களுக்கு மனசு விட்டுப்போனா அழுவாங்க, சொல்லுவாங்க. பிள்ளைங்களுக்கு அத சொல்ல வார்த்தை கிடையாது. எரிஞ்சு விழுவாங்க, உதைப்பாங்க, மாட்டேம்பாங்க. எல்லாப் பிள்ளைங்க முரண்டும் அப்படி இல்ல. உங்க பொண்ணோடது அப்படித்தான்" என்றார்.

பிறகு ஏன் திடீரென்று அடங்கினாள் என்று கேட்டேன்.

"கத்தினவரைக்கும் யாராவது திரும்பிப் பார்ப்பாங்கன்னு நம்பிட்டிருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் நம்புறத விட்டுட்டா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் முன்னாலேயே கடுகிடம் கேட்டார். "இல்லாமப் போயிட்டா தேவலன்னு தோணியிருக்கா, கண்ணு?" கடுகு "ம்" என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் சொல்வாளே, அதே "ம்". நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படிக் கேட்டால் பிள்ளை மனசில் நாமே அந்த நினைப்பைப் போட்டதாகிவிடாதா என்று பிறகு கேட்டேன். இல்லை, கேட்டால்தான் பாரம் இறங்கும் என்றார். வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும் என்று சொன்னார். மருந்து அலமாரி முதல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன். பக்கத்து மனைக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று.

அவள் குளிக்கப் போனால் வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். பதில் வரத் தாமதமானால் உயிர் போய் வருகிறது. வாரம் ஒருமுறை டாக்டரிடம் போக வேண்டும். நாளாகும் என்கிறார். நீ வேலைக்குப் போனதுதான் காரணமா என்றும் கேட்டேன், மன்னித்துக்கொள், கேட்டேன். "ஒரு காரணத்தப் பிடிச்சுத் தொங்காதீங்க. அவளப் பிடிங்க" என்றார்.

வா என்று கட்டளையிட எனக்கு வாயில்லை. வர முடியுமா?

அப்பா என்று சொல்லிக்கொள்ளும்
நான்


ஆகஸ்ட் 17

உனக்கு,

படகு இன்று கரை சேரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து படகுத்துறையில் நின்றேன். எனக்குப் பதிலாக வர வேண்டியவரும் அந்தப் படகில்தான் இருந்தார், எனக்குக் கையைக்கூட ஆட்டினார். அலை விடவில்லை. கடைசியில் தபால் பையைக் கயிற்றில் கட்டி எறிந்தார்கள், நாங்கள் இழுத்தோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் போய்விடுகிறேன் என்று கத்தினேனாம், கண்ணாடிக்காரர் என் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாராம். எனக்கு அது சரியாக நினைவில்லை. படகு தள்ளித் தள்ளி நிற்கிறது, அதே கயிற்றில் இதை அனுப்பப் போகிறேன்.

நனைந்துபோன உன் இரண்டு கடிதத்தையும் நின்றபடியே படித்தேன். உறையைப் பிரிப்பதற்கு முன்னால் எனக்கு என்னென்ன தோன்றியது என்று எழுத மாட்டேன். "அவள் என்னோடு இருக்கிறாள்" என்று முதலில் எழுதினாய் பார், அதற்காக உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உன்மேல் இருந்த கோபம் என்ன ஆனது என்று தேடிப் பார்த்தேன், பயம் தின்றுவிட்டது. கிணற்றடிக்கு நீ ஓடியபோது நான் இங்கே மேகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்திருப்பேன். அடுத்த படகில் வருகிறேன். வேலை போனால் போகட்டும்.

கடுகுக்கு எழுதியது கீழே இருக்கிறது. இதை டப்பாவில் வைக்காதே. அவள் கையில் கொடு. வாங்காவிட்டால் நீயே படித்துக் காட்டு. காதைப் பொத்திக்கொண்டாலும் படி.

*

கடுகு,

இது பரிசு இல்லை. நீ நல்ல பிள்ளையாக இருந்ததற்காக இதை எழுதவில்லை, கெட்ட பிள்ளையாக இருந்தால் நிறுத்தப் போவதும் இல்லை. நீ தாளைக் கிழித்த அன்றும் உனக்குக் கடிதம் உண்டு. தட்டை எறிந்த அன்றும் உண்டு. நடித்த அன்றும் உண்டு. அதை டப்பாவில் போட அம்மா சம்மதித்தேன், அது என் தப்பு. நீ ஏமாற்றவில்லை. உனக்குச் சேர வேண்டியதை நாங்கள்தான் பிடித்து வைத்துக்கொண்டோம்.

உள்ளே கெட்டவளாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அது கெட்டதில்லை கண்ணம்மா, வலி. எனக்குக் கோபம் வந்தால் உன் அப்பாவை நீ என்று எழுதுகிறேன். உனக்கும் என்மேல் கோபம் இருந்தால் என்ன வேண்டுமானாலும் சொல். நான் கேட்டுக்கொள்கிறேன். முகத்தைத் திருப்ப மாட்டேன்.

அம்மா


ஆகஸ்ட் 29

மேடத்துக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் படகில்தான் நீ ஏறி வர வேண்டும். கடல் அடங்கியிருக்கிறது என்று துறைமுகத்தில் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குக் குலை நடுங்குகிறது.

பத்து நாளாக உன் கடிதத்தை அவள் வாங்கவில்லை. கையில் வைத்தால் நழுவ விடுவாள். படித்துக் காட்டினால் கூரையைப் பார்ப்பாள். தினமும் ஒருமுறை படித்தேன். டாக்டரிடம் போனோம், வந்தோம். வரும் வழியெல்லாம் நான் மட்டும் பேசினேன். இரண்டு நாளைக்கு முன் ஒருமுறை சாப்பாட்டில் உப்பில்லை என்றாள். அதற்கே எனக்குக் கை கால் ஓடவில்லை.

இன்று மத்தியானம் ஒன்பதாவதோ பத்தாவதோ தடவையாகப் படித்தேன். "முகத்தைத் திருப்ப மாட்டேன்" என்ற இடத்தில் எழுந்து வந்து தாளைப் பிடுங்கினாள். கிழித்தாள். கிழித்ததை மறுபடி கிழித்தாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். அப்பப்பா, அந்தக் கத்தல்! கூண்டில் நாய்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டன. "இப்ப மட்டும் எழுதுறாங்க! போகும்போது எங்க போச்சு? நீங்களும்தான்! திரும்பவே இல்ல நீங்க! எத்தன தடவ கூப்பிட்டேன்!" என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். நான் நகரவில்லை. இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, பாதி வழித்த தலையில் முள்முள்ளாய் முடி வளர்ந்து. இதைவிட அழகான முகத்தை நான் பார்த்ததில்லை. அழுதேன். அழுவது தெரியட்டும் என்றே அழுதேன்.

டாக்டருக்கு ஃபோன் செய்தேன். நல்லதுதான், ஆனால் இன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், முன்னைவிடக் கவனமாக இருங்கள் என்றார். இருக்கிறேன். பயம் போகவில்லை. அவள் மூச்சு விடுவதை இப்போதும் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் அம்மாவுக்கு எழுதப் போகிறேன், ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். வழக்கமாக இதற்குப் பதிலே வராது. இன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே சொன்னாள்.

"அவங்க வந்தா நான் கதவத் திறக்க மாட்டேன். உள்ள தாப்பாள் போட்டுட்டு நிப்பேன். எவ்வளவு நேரம் தட்டினாலும் திறக்க மாட்டேன். எழுதுங்க. அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதிவிட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இத்தனை வாரத்தில் இனிமேல் நடக்கப்போகிற எதைப் பற்றியும் அவள் பேசியதில்லை. நீ வரும் நாளன்று தான் இந்தக் கதவுக்கு உள்ளே இருப்பதாக அவளே சொல்லியிருக்கிறாள். நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் உள்ளே அவளோடு இருப்பேன். தாப்பாளை நான் எடுக்க மாட்டேன், அது அவள் எடுக்க வேண்டியது. நீ வந்து தட்டு. திட்டினாலும் தட்டு. சத்தமே வராவிட்டாலும் தட்டிக்கொண்டே இரு.